பெட்டிக்கு ஊட்டிய பொரி

ஆர்.எஸ்.புரம்,
6 ஜூலை 2025

அன்புள்ள மோகிக்கு, இதை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் வார்டன் மேடத்துக்கும்,

நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு இட்லியை எண்ணிப் போடும் ஹாஸ்டலில் யார் நலமாக இருந்தார்கள்?

சேதி இதுதான். உங்கப்பா பிரஸ்ஸில் இருக்கிற பழைய மேக் கம்ப்யூட்டரை நான் ரிப்பேர் பண்ணுகிறேன். "ஏனுங் அங்கிள், ஸ்கூல் பிராஜெக்டுக்கு அதைப் பிரிச்சுப் பாக்கட்டுங்களா?" என்றேன். "செத்ததைப் பிரிச்சு என்ன கண்ணு பண்ணப்போற?" என்றார். ஆனால் பின்னறைச் சாவியைக் கொடுத்துவிட்டார். வருசத்துக்கு ஒரே ஒரு நாள், ஆயுத பூசையன்று, அதில் ஒரு கல்யாணக் கார்டு போட்ட பிறகுதானே மற்ற மிஷினெல்லாம் ஓடும்? இந்த வருசப் பூசைக்குள் உயிர் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். போன வருசம் நடந்தது நடந்துபோச்சு, விடு.

மூடியைத் திறந்தால், போர்டின் மூலையில் பேட்டரி கசிந்து பச்சைப் பசேலென்று களிம்பு. தேய்க்காத குத்துவிளக்கு மாதிரி இருந்ததா, குத்துவிளக்குக்குச் செய்வதையே செய்தேன். புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. காட்டூரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் அனீஸ் அண்ணனிடம் பெருமையாக நீட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்து, "ஏம்மா, தாளிக்கலையா?" என்றார். புளி கம்பிகளுக்குள் பிசுபிசுவென்று இறங்கிவிட்டதாம். இப்போது அதைக் கழுவுவது தனி வேலை.

அம்மா போர்டு எக்ஸாமுக்குப் படிக்கச் சொன்னார். போர்டைத்தான் படிக்கிறேன் என்றேன். கரண்டி வந்தது, குனிந்துகொண்டேன்.

என்றும் உன்,
ஹர்ஷிணி (புளி டாக்டர்)


ராசிபுரம்,
19 ஜூலை 2025

ஹர்ஷிணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாளிக்கிற இடத்தில் வார்டன் மேடம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ எழுதாமல் தாண்டிப் போனதை நான் எழுதுகிறேன். மேடம் படித்தால் படிக்கட்டும். போன ஆயுத பூசையன்று, பெட்டிக்கும் நைவேத்தியம் வேண்டும் என்று அதன் ஃப்ளாப்பி வாயில் பொரியும் ஒரு கரண்டி பஞ்சாமிர்தமும் ஊட்டியது நீ. அப்பா சுவிட்சைப் போட்டார், படம் வரவில்லை. "யார் கை வெச்சது?" என்று கத்தினார். உங்கம்மா பக்கத்திலேயே நின்றார்கள், உனக்கு அடி விழும் என்று "நான்தாங்ப்பா" என்றேன். ஒரு நிமிடத்தில் நீயே சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். நீ தேங்காய் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

அன்றிலிருந்து அப்பா என்னிடம் பேசவில்லை. ஜூனில் இங்கே கொண்டுவந்து விட்டார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார், அம்மாவிடம் பேசுகிறார், பழப்பையை மட்டும் என் பக்கம் நகர்த்துகிறார்.

பெட்டியைச் சரி பண்ணு, இல்லை பண்ணாமல் போ. அப்பாவிடம் நீதான் சொல்லோணும். சொல்கிறவரை எனக்கு எழுத வேண்டாம்.

மோகனப்பிரியா


ஆர்.எஸ்.புரம்,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மோகிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது கடிதமே இல்லை, ரிப்பேர் ரிப்போர்ட்.

போர்டை நாலு தடவை கழுவியாயிற்று. கசிந்துபோன கெப்பாசிட்டர்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புதுசு வைத்தோம். களிம்பு தின்ற கம்பிப்பாதைகளுக்குப் பதிலாக மயிர் மாதிரி வயர் இழுத்திருக்கிறேன். மீட்டரை இரண்டு முனையிலும் வைத்து, "பீப்" என்றால் பாதை இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. போன வாரம் திரையில் பவானி ஜமக்காளம் மாதிரி பட்டை பட்டையாகக் கோடு வந்தது. நேற்று கோடு போய், ஒரு ஃப்ளாப்பி படம், நடுவில் கேள்விக்குறி. கண் சிமிட்டிச் சிமிட்டிக் கேட்கிறது.

அனீஸ் அண்ணன் முதல் நாளே ஒன்று கேட்டார். "நின்னு போறதுக்கு முன்னாடி கடைசியா என்ன பண்ணீங்க? அதைச் சொன்னா பாதி வேலை முடிஞ்சுது." நான், "ஒண்ணும் பண்ணலைங்ணா, சும்மா நின்னுபோச்சு" என்றேன். அடுத்து ஃப்ளாப்பி டிரைவைக் கழட்ட வேண்டும் என்கிறார். நாலாவது தடவை போர்டைக் கழுவியது அழுக்கினால் இல்லை, அதைத் தள்ளிப்போடத்தான்.

உங்கப்பா தினமும் டீயோடு வந்து எட்டிப் பார்க்கிறார். இரண்டு தடவை "அங்கிள்" என்று ஆரம்பித்தேன். "சொல்லு கண்ணு" என்றார். "டீல சக்கரை பத்தலைங்க" என்றேன். இப்போது சர்க்கரையைக் கூட்டிவிட்டார். வாயில் வைக்க முடியவில்லை.

ஒரு நல்ல சேதியும் உண்டு. அந்தக் கசிவு பல வருசத்துக் கசிவு என்கிறார் அனீஸ் அண்ணன். அப்படிப் பார்த்தால் பொரி போடாவிட்டாலும் படம் வந்திருக்காது. ஆக, பெட்டியைக் கொன்றது பேட்டரி, நான் இல்லை. அப்படியானால் சொல்லவே வேண்டியதில்லை, இல்லையா? யோசித்துச் சொல்.

ஹர்ஷிணி


ராசிபுரம்,
2 செப்டம்பர் 2025

பெட்டி எதனால் செத்தது என்று நான் கேட்கவே இல்லை.

மோகனப்பிரியா


ஆர்.எஸ்.புரம்,
17 செப்டம்பர் 2025

மோகி,

நேற்று டிரைவைக் கழட்டினோம். அனீஸ் அண்ணன் இடுக்கியை விட்டு ஒரு பொரியை எடுத்தார். பழுப்பேறி, ஒரு காய்ந்த திராட்சையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எந்தக் கம்பெனி ஸ்பேருங்க?" என்றார்.

திரும்பினால் வாசலில் டீயோடு உங்கப்பா. பொரியைப் பார்த்தார். "அவ பண்ணுன வேலை" என்றார்.

அப்போதும் சும்மா இருந்திருக்கலாம். எனக்காக எல்லாம் தயாராக இருந்தது, போன வருசம் மாதிரியே. தேங்காய் மூடி மட்டும்தான் இல்லை.

"அவ இல்லீங்க அங்கிள், நானுங்க" என்றேன். ஊட்டியதைச் சொன்னேன். நீ எதற்கு முந்திக்கொண்டாய் என்று சொன்னேன். நான் வாய் திறக்காமல் நின்றதையும் சொன்னேன். பேட்டரியைப் பற்றி நான் சொல்லவில்லை. அனீஸ் அண்ணன் சொல்ல வாயெடுத்தார், உங்கப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

டீயைக் கீழே வைத்துவிட்டுப் பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "பதினொரு மாசமாச்சு அம்மணி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

டிரைவைத் துடைத்து மாட்டியாயிற்று. சுவிட்சைப் போடப் போனேன். "வேண்டாம், பூசையன்னிக்குப் போட்டுக்கலாம்" என்றார். ஆகவே அது ஓடுமா என்று எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறார். நானும் வரட்டுங்களா என்று கேட்டேன். "நீ வேண்டாம் கண்ணு. நான் பேசிப்போட்டு வாரேன்" என்றார்.

இந்தக் கடிதத்தில் ஜோக் ஒன்றும் வரவில்லை. தேடிப் பார்த்தேன். நீ பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதி அடித்துவிட்டேன். பரவாயில்லை என்பது பொய்.

ஹர்ஷிணி


ராசிபுரம்,
23 செப்டம்பர் 2025

ஹர்ஷிணிக்கு,

அப்பா வந்தார். இந்தத் தடவை அம்மாவைக் கூட்டி வரவில்லை. அரை மணி நேரம் சாத்துக்குடி உரித்தார். பிறகு, "நீ எதுக்கு அம்மணி நான்தான்னு சொன்ன?" என்றார். "நீங்க எதுக்குங்ப்பா இன்னொரு வார்த்தை கேக்கலை?" என்றேன். எனக்கு உரித்த சுளையைத் தானே தின்றுவிட்டார். அப்புறம் அடுத்த பழத்தை எடுத்தார். அது எனக்கு வந்தது.

உன் மேல் கோபம் போய்விட்டதா என்று பார்த்தேன். கொஞ்சம் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன், மீட்டர் இருந்தால் அனுப்பு.

முப்பதாம் தேதி ஊருக்கு வாரேன். பூசையன்று பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் நான் வைப்பேன். பொரித் தட்டை நீ பிடித்துக்கொள். இரண்டு கையாலும்.

மோகி