கோட்டும் பூட்ஸும் சேர்ந்த எடை

மார்ச் 11, 1958. செவ்வாய். காலையிலேயே வெயில்.

இன்று நான் சொல்லாதது: "டாக்டர், அந்த அட்டவணையின் அடிவரியை வாசித்தீர்களா?"

சூசை அண்ணனுக்கு நூல் மில்லில் வேலை. மருத்துவச் சோதனை மட்டும் பாக்கி. துணைக்குப் போனேன். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சு. எதிர்ச்சுவரில் ஆங்கில அட்டவணை: ஆண்களின் உயரம், அதற்கு இருக்கவேண்டிய எடை. அடியில் பொடி எழுத்தில், கோட்டும் பூட்ஸும் அணிந்து எடுத்த எடை என்று. உள்ளே அண்ணன் ஒற்றைத் துண்டோடு தராசில். மூன்று ராத்தல் குறைவாம்.

கம்பவுண்டர்: "ஏலே அப்பு, ஆடிக் காத்துல ஒன்னைய எங்கிட்டுப் போய்த் தேடுறது?"

வரிசையே சிரித்தது. அண்ணனும் சிரித்தான். அதுதான் தாங்கவில்லை.

அடுத்து மில் மேஸ்திரியின் மைத்துனர். நாலு படி ஏறுவதற்குள் இரைப்பு. தராசு முள் எங்கேயோ போய் நின்றது. "நல்ல தேகம்" என்று கையெழுத்து! குறைந்தால் நோய், கூடினால் செழிப்பு. எந்த வைத்தியத்தில் இருக்கிறது இது?

அண்ணனை வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொன்னார்கள்.

12, புதன்.

வாங்கவேண்டியது: விளக்குத் திரி, துணிக்கு நீலம். திருத்தவேண்டியது: ஆறாம் வகுப்புக் கட்டுரைகள், இன்னும் பாதி.

தவக்காலம். அண்ணனுக்கு ஈஸ்டர் வரை ஒருவேளைச் சாப்பாடு.

அம்மா: "முட்டையத் தின்னுடா. சேசு ஒண்ணும் சொல்லமாட்டாரு."

"வாக்குக் குடுத்துட்டேன்மா."

"இந்த வேலை போனா வருசம் பூரா நோன்புதான், போ!"

பக்கத்து வீட்டு அக்காவின் யோசனை: தராசில் ஏறுமுன் ஒரு சீப்பு மலைப்பழம், வயிறு முட்டத் தண்ணீர். "அம்புட்டுப் பேரும் அப்பிடித்தாண்டா செய்யிறாய்ங்க."

"அது பொய்க்கா" என்றான் அண்ணன்.

மண்டியில் வெங்காய மூட்டையை ஒற்றை ஆளாய்த் தூக்குகிறவன். எலும்பு சிறுசு, அப்பாவைப்போல. எலும்பைப் பார்க்கவேண்டாமா? செய்கிற வேலையை? தொப்பைக்கு ஒரு நாடா வைத்து அளந்தால் என்ன? உயரம் ஒன்றை வைத்தே தீர்ப்பு.

14, வெள்ளி.

மூன்று நாளில் எடை அசையவில்லை.

அன்று சொல்லாததை டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்துபோய் வாசித்தார். "கோட்டு, பூட்ஸெல்லாம் வெள்ளைக்காரனுக்கு எழுதுனதும்மா."

"எடையும் அவங்களுக்கு எழுதுனதுதானே, சார்?"

"டீச்சரா?"

"ஆமா."

"அதான்." கம்பவுண்டர் பக்கம் திரும்பி, "அடுத்த ஆளக் கூப்புடு."

அதான்! இதை எழுதும்போதும் அந்த ஒரு சொல்தான் காதில்.

அண்ணன் வெளியே வந்து மில் முற்றத்துக் குழாயடிக்குப் போனான். தண்ணீருக்கு நோன்பில் தடையில்லை. குனிந்து குடித்தான், குடித்தான், கண் சிவக்கும்வரை. மறுபடி தராசில் ஏற வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

17, திங்கள்.

அண்ணன் மில் பஸ்ஸில் வேலைக்குப் போனான்.