இரண்டு ஸ்டாப் வெளிச்சம்

பிப்ரவரி 9

நாத்தனார் பிறந்தநாளுக்கு அவர் எடுத்த படங்கள் கழுவி வந்துவிட்டன. வழக்கம்போல் அவள் முகம் பளிச்சென்று. ஓரத்தில் நான் — ஒரு புடவை, மேலே இரண்டு கண், கொஞ்சம் பல். எனக்குப் பழகிவிட்டது. இந்த முறை மகளும் அப்படியே. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் ஏம்மா இதுல அழிஞ்சு போயிருக்கேன்?" என்று கேட்டாள்.

அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கறுப்பா இருந்தா அப்படித்தான் விழும். உங்கம்மாவைக் கேளு."

என்னை என்ன கேட்பது? நான் மட்டும் தனியாகவா பெற்றேன்?

பிப்ரவரி 12

மகள் முகத்தை மட்டும் வெளிச்சமாக அச்சடித்துத் தரும்படி ஸ்டுடியோவில் கேட்டேன். படம் கழுவுகிறவர் நெகட்டிவை விளக்கருகே தூக்கிக் காட்டினார். அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"வெளிச்சம் அதிகமா விழுந்திருந்தா சமாளிச்சிடுவேன்மா. விழவே இல்லாததை எங்க போய்த் தேடறது?"

பிப்ரவரி 15

மதியம் வீட்டில் யாருமில்லை. காமிராவைத் தொட்டால் திட்டுவார். தொட்டேன். உள்ளே வெளிச்சத்தை அளக்கும் ஒரு முள். லென்ஸின் திறப்பைத் திருகத் திருக ஏறி இறங்குகிறது. ஒரு படி திறந்தால் வெளிச்சம் இரட்டிப்பு. அதைத்தான் அவர் ஸ்டாப் என்பார்.

வெள்ளைச் சுவரை அளந்தேன், கறுப்புக் குடையை அளந்தேன். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கிறது. யார் பக்கம் கொண்டுபோகிறோமோ அவர்கள் முகம் சரியாக விழும் அளவில் நிற்கும்.

அப்புறம்தான் உறைத்தது. ஒவ்வொரு முறையும் தன் தங்கை முகத்தருகே போய் அளந்துவிட்டுத்தான் பின்னால் வருவார். என் பக்கம் ஒரு தடவையாவது வந்தாரா? ஒரே ஒரு தடவை?

பிப்ரவரி 16

சாப்பிடப் பிடிக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

பிப்ரவரி 22

நாத்தனார் வந்திருந்தாள். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அவளையும் மகளையும் ஜன்னலோரம் நிறுத்தினேன். மகள் கன்னத்தருகே போய் அளந்தேன்.

"அண்ணன் என்கிட்டதான் அளப்பான்."

"தெரியும்."

மார்ச் 1

படம் வந்தது. மகள் இருக்கிறாள் — கன்னக்குழி, புருவத் தழும்பு, உதட்டோரச் சிடுசிடுப்பு வரை. நாத்தனாரும் இருக்கிறாள், ஒரு குறையுமில்லாமல். அதுதான் வயிறெரிகிறது. எங்களுக்கும் வெளிச்சம் கொடுத்திருந்தால் அவளுக்கு ஒன்றும் குறைந்திருக்காது.

அவரிடம் நீட்டினேன். பார்த்த மாத்திரத்தில், "ரெண்டு ஸ்டாப் அதிகமாத் திறந்தியா?" என்றார்.

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"இல்ல... அவ முகம் வெளுத்துடுமோன்னு..."

"வெளுத்திருக்கா?"

டீயைக் குடித்து முடித்தார்.

தெரியாமல் செய்கிறார் என்று இத்தனை வருஷம் இருந்ததே, அந்த ஆறுதலும் போச்சு.

ஏப்ரல் 5

எல்லோரும் கூடியிருந்தார்கள். அவர் காமிராவோடு நேராக என்னிடம் வந்தார், மூச்சு படும் தூரத்துக்கு. முள்ளைப் பார்த்துத் திருகத் தொடங்கினார். மற்றவர்கள் சிரித்தபடி காத்திருந்தார்கள்.

நான் மகளை முன்னால் நகர்த்தினேன். "இவளை அளங்க. நான் படத்துல நிக்கலை."

அவள் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். நான் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன்.