குறுக்குக் கட்டை இருந்த இடம்

என் கோபக்காரிக்கு,

நீ மிரட்டியபடியே ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. நாங்கள் சண்டை போட்ட சுரங்கம் இப்போது போர் நினைவிடம். முதலில் எங்கள் கையில் இருந்தது, பிறகு அவர்கள் கையில். என்னோடு உள்ளே வந்தவர் அந்தப் பக்கத்துச் சிப்பாய். இன்று என்னைப் போலவே முட்டிவலிக்காரர்.

வளைவில் இருவரும் சேர்ந்தாற்போல் குனிந்தோம். அங்கே தலையில் இடிக்கும் குறுக்குக் கட்டையை எடுத்து வருஷக்கணக்காகிறது. பழக்கதோஷம் என்று சிரித்துக்கொண்டோம்.

அப்போது பின்னால், மரத்தில் தலை இடிக்கும் சத்தம். திரும்பிப் பார்த்தோம். யாருமில்லை.

"உங்க ஆளா, எங்க ஆளா?" என்றார் மெதுவாக.

அந்தச் சண்டையில் இங்கிருந்து திரும்பாத உன் தம்பியின் உயரம் உனக்குத் தெரியுமே. நம் வீட்டு நிலையிலேயே தினம் முட்டிக்கொள்வான்.

"நம்ம பையன்தான்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாளை வந்துவிடுவேன். அவனுக்காக இத்தனை காலமும் எரியவிட்ட வாசல் விளக்கை அணைத்துவிடு.

உன் வீட்டுக்காரன்