மூன்றாவது ஓலை

1931 பிப்ரவரி 8, ஞாயிறு

பூசை முடிந்ததும் அல்போன்ஸ் கிராணி காகிதத்தைப் பிரித்தார். பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி, இங்கே கோவிலில் மாதா சபைக்குத் தலைவர். படக்கொட்டகை பிசாசின் வீடாம். கிராமபோன் பெட்டி அவன் வாயாம். பெண்களின் ரவிக்கைக் கை முழங்கையைத் தாண்ட வேண்டும், கழுத்து தொண்டைக்குழிக்குக் கீழே இரண்டு விரலுக்கு மேல் இறங்கக் கூடாது. மீறினால் சாமியார் நாக்கில் நன்மை அப்பம் வைக்க மாட்டாராம். யார் விரல் என்று சொல்லவில்லை. கிராணியின் விரல் ஒவ்வொன்றும் ஒரு வாழைப்பழம்.

சாயங்காலம் அவர் வீட்டு வழியாக வந்தேன். உள்ளே கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. பிசாசைக் கட்டிவைத்துக் காவல் காக்கிறாராக்கும்.

பிப்ரவரி 12

ஜாசின் கடைத்தெருவில் இத்தனை வருஷம் மிஷின் மிதிக்கிறேன், இப்படி ஒரு வாரம் கண்டதில்லை. கையை நீட்டித் தைக்க ஒன்பது ரவிக்கை. கதவைச் சாத்திக்கொண்டு, "அக்கா, மலாக்காவுல ஒரு கல்யாணம், கொஞ்சம் குட்டைக் கையா" என்று மூன்று. மூன்றும் மாதா சபைப் பெண்களுக்கு. தையல்காரியும் பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியாரும் ஒன்று, வெளியே சொல்லக் கூடாது.

பிப்ரவரி 22, ஞாயிறு

கிராணி என் வீட்டுக்கே வந்துவிட்டார். மகன் மிக்கேல்ராஜுக்கு என் மகள் அக்னஸைக் கேட்கிறார். பையன் பள்ளிக்கூட வாத்தியார். சீர் எதுவும் வேண்டாமாம். "ஒண்ணே ஒண்ணுதான் தங்கச்சி. கல்யாணத்துக்கு முன்னாடி நர்சு வேலையை விட்டுடணும். அந்த உடுப்போட கை முழங்கைக்கு மேலேயே நின்னுடுது. நம்ம குடும்பத்துக்கு ஆகாது."

ஊரையெல்லாம் கிண்டல் பண்ணுகிற இந்த வாய் என்ன சொன்னது? "ஆகட்டும் அண்ணே." அவ்வளவுதான். அப்பன் இல்லாத பெண். வாத்தியார் மாப்பிள்ளை தானாக வாசலுக்கு வந்தால் நான் வேறென்ன சொல்வேன்? அவளுக்கு மலாக்கா ஆஸ்பத்திரியில் நர்சுப் படிப்பு முடிய இன்னும் நாலு மாதம்தான் இருக்கிறது. அதைச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

மார்ச் 7

பீடத்தின் இரண்டு பக்கமும் நிற்கிற சம்மனசுகளுக்கு ரவிக்கை தைக்க உத்தரவு. பிரான்சிலிருந்து வந்த சுரூபங்கள், தோள் வரை வெறுங்கை. கிராணிக்குக் கண் கூசுகிறதாம். ஏணியில் ஏறி அளவெடுத்தேன். இறக்கை வருகிற இடத்தில் எப்படித் தைப்பது என்று கேட்டேன். "அது உன் வேலை" என்றார். பக்கத்திலேயே செபஸ்தியார் இடுப்பில் ஒரு துண்டோடு அம்பு பட்டு நிற்கிறார். அவருக்கு ஒன்றும் வேண்டாமாம். ஆம்பிளை.

மார்ச் 15, ஞாயிறு

தவசுகாலம் அல்லவா, ஊதா ரவிக்கை. பூக்கட்டுகிற பெத்தம்மாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குலா. எங்க மாரியம்மாவுக்கும் இப்படித்தான் உடுத்துவோம்" என்றாள், மனதார. கிராணி முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. வெள்ளைக்காரச் சாமியார் காதிலும் விழுந்துவிட்டது. பூசைக்கு முன்னால் தானே ஏணி போட்டு ஏறிக் கழற்றினார். நான் ஜெபமாலையைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு இரண்டு பேர் பெயரையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்ட பிறகுதான் நம்மவர்களுக்குத் தாலி. தன் பெயர் வாசிப்பதைக் கேட்க அக்னஸ் ராத்திரி டியூட்டி முடித்து முதல் பஸ்ஸில் வந்தாள். உடுப்பு மாற்ற நேரமில்லை. நன்மை வாங்க வேண்டுமே என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நன்மை வாங்க பீடத்துக்கு முன்னால் கிராதியில் முழங்காலிட்டாள். சாமியார் அவள் கையைப் பார்த்தார். அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். அந்த அடுத்த ஆள் போன மாதம் பெண்டாட்டி கையை முறித்தவன். முழுக்கைச் சட்டை. வாங்கிக்கொண்டான்.

எழுந்து வரும்போது அவள் என்னைப் பார்த்தாள். நான் — ஐயோ, நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 13

பூசைக்கு முந்தின ராத்திரி ரெண்டு பிள்ளைங்களை உசிரோட வெளியே எடுத்த கை அது. பாவிகளா, அந்தக் கையைப் பாத்தா உங்களுக்கு அசிங்கமா? நீ மட்டும் என்னடி செஞ்சே பிரிஜிட்? வாயிலே கொழுக்கட்டையா வச்சிருந்தே?

ஏப்ரல் 19, ஞாயிறு

இரண்டாவது ஓலை. அக்னஸ் வரவில்லை. கடிதம்தான் வந்திருந்தது. "அம்மா, உங்களுக்கு இதுதான் சந்தோஷம் என்றால் மாதக் கடைசியில் வேலையை விட்டுவிடுகிறேன்." இந்த ஒரு வரிதான். திட்டியிருக்கலாம் அவள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

பூசைக்கு முன்னால், சாமியார் பூசை உடுப்பு மாட்டுகிற சக்கிறீஸ்துக்குள் போனேன். "மூணாவது ஓலையை வாசிக்காதீங்க சாமி. தடை இருக்கு."

"இரத்த உறவா?"

"இல்லை சாமி. பொண்ணுக்குச் சம்மதம் இல்லை. அவளைக் கேக்காம நான்தான் சம்மதம்னு சொல்லிட்டேன்."

சாமியார் ஓலையை மடித்து அங்கிப் பைக்குள் வைத்தார். பெண் சம்மதம் இல்லாத கல்யாணம் செல்லாது என்பதும் சபைச் சட்டம், அவருக்கு எல்லாச் சட்டமும் சட்டம்தான். அந்த மட்டில் நல்லவர்.

கிராணி வாசலில் மறித்தார். "உன் மகளை இனி எவன் கட்டுவான்?"

"எவனும் வராட்டி அவ சம்பாத்தியத்துல கஞ்சி குடிப்போம் அண்ணே. உங்க மகனுக்கு நல்ல முழங்கையா பாருங்க."

பகல் பஸ்ஸில் மலாக்கா போனேன். அக்னஸ் ஈரக் கையோடு பிரசவ வார்டு வாசலுக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். "உள்ளே ஒரு கேஸ் இருக்கும்மா, உட்காருங்க" என்று போய்விட்டாள். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு மலாய்க்காரப் பெண் கத்தினாள், அப்புறம் குழந்தை கத்தியது. அக்னஸ் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள்.