அம்மா இறங்காத கடல்

லாரியை நிறுத்தியதும் ஆறு டயரையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிற என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் இன்றோடு இருபத்தாறு நாள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. இதை நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது. "மூத்தவளுக்குக் கல்லு மனசுங்க" என்று எழவுக்கு வந்த பெண்கள் பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது. அவர்களுக்குத்தான் அப்போது காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டுவிட்டு அடுத்த டம்ளரை எடுத்தேன்.

சங்ககிரியில் என் மாமியார் வீட்டுக்குச் செய்தி வந்தபோது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மிச்சம் இருந்த நாலு வெங்காயத்தையும் உரித்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பவானிக்குப் போய் உங்கள் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தார்கள். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. கை வேலை செய்கிறது, காது கேட்கிறது, உள்ளே மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. என் மேல் கோபமா அப்பா?

அம்மா உள்ளறையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சந்தில் உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளைச் சேலை. சோறு கொடுத்தால் சாப்பிடுகிறாள், கொடுக்காவிட்டால் கேட்பதில்லை. பேச்சு சுத்தமாக நின்றுபோய்விட்டது. "வருசம் திரும்பற வரைக்கும் அக்கா வாசப்படி தாண்டக் கூடாது அம்மிணி, நம்ம வழக்கம் அப்படி" என்று மாமா சொல்லிவிட்டார். உங்கள் மச்சினன்தான். இப்போது வீட்டில் எல்லாவற்றுக்கும் அவர்தான் சட்டம்.

உங்களுக்கு ஒரு செய்தி. புது லாரி தயாராகிவிட்டது. நாமக்கல் பட்டறையில் பாடி கட்டி, பெயின்ட் அடித்து, வெயிலில் நிற்கிறது. அன்றைக்கு நீங்கள் அதைப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்? "பலகை நல்லாச் சேர்ந்திருக்கு" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தீர்கள். அவ்வளவுதான்.

முதல் நடை எங்கே என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு. புது பாடி கட்டின வண்டி முதல் நடைக்குச் சுமை ஏற்றாது, வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகும் என்பது நம் லாரிக்காரர்கள் வழக்கம். மாமா அதற்கும் ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறார். "துக்க ஊட்டுல என்னுங்க மொத நட? ஜவ்வரிசி லோடு ஒண்ணு இருக்குது, ஏத்தி உடுங்க." தம்பி என் முகத்தைப் பார்த்தான். ஓட்டப்போகிறவன் அவன்தான். எங்கள் இரண்டு பேருக்கும் உங்கள் வாக்கு ஞாபகம் இருந்தது. நீங்கள் அதைச் சொன்னபோது மாமாவும் பக்கத்தில்தான் இருந்தார். அவர் மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருக்கிறாரா?

ஏழு வருஷத்துக்கு முன்னால் பழைய லாரி புதிதாக வந்தபோது, பழனியா திருச்செங்கோடா என்று எல்லோரும் கேட்க, நீங்கள் பாண்டிச்சேரி என்றீர்கள். நம் பக்கம் மதுவிலக்கு இருந்த காலம். பாண்டிச்சேரி என்றால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான். நம் ஊர் புதுச்சத்திரம் முழுக்கச் சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை, முதல் ஆளாகக் குளித்துவிட்டு வந்து நின்றார்.

உண்மையில் காரணம் அம்மா. லோடு இறக்கிவிட்டு வரும்போதெல்லாம் நீங்கள் கடலைப் பற்றிச் சொல்லுவீர்கள். காவிரியைத் தவிர வேறு தண்ணீர் பார்த்திராத அம்மா நம்பமாட்டாள். "அக்கரையே இல்லீங்களா? அதெப்படீங்க, ஒரு பக்கம் கரை இருந்தா மறுபக்கம் இருந்துதானே ஆகோணும்?" என்பாள். "நீயே வந்து பாரு புள்ள" என்றீர்கள். அப்போதே அவளுக்கு முழங்கால் வலி. நீங்களும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முன்னால் இடது ஜன்னல் ஓரம் ஏற்றி உட்கார வைத்தீர்கள்.

நானும் தம்பியும் மாமாவும் பின்னால். புதுப் பலகை வாசமும் பெயின்ட் வாசமும் இன்னும் மூக்கில் இருக்கின்றன. ராசிபுரம், ஆத்தூர் தாண்டி, கள்ளக்குறிச்சிக்கு முன்னால் புளியமரத்தடியில் நிறுத்திக் கட்டுச்சோற்றில் பாதியைச் சாப்பிட்டோம். மதியம் பாண்டிச்சேரி. கோடு போட்ட மாதிரித் தெருக்கள், வெள்ளைக்காரர் காலத்து மஞ்சள் வீடுகள், கதவு உயரத்துக்கு ஜன்னல்கள். ஒரு தெரு முனையில் மாமா, "ஒரு சாமான் வாங்கோணும், வந்தர்றேன்" என்று குதித்து இறங்கிப் போனார். என்ன சாமான் என்று யாரும் கேட்கவில்லை. கடற்கரை ரோட்டில் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் லாரியை விடவில்லை. வேறு யாராவது இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு நடந்திருப்பார்கள். நீங்கள் அம்மாவின் முழங்காலை நினைத்தீர்கள். ஊருக்கு வெளியே ஒரு மீனவர் குப்பம் வரைக்கும் ஓட்டிப் போய், ரோட்டை விட்டு மணலில் இறக்கினீர்கள்.

"மோகனூர் ஆத்துல வருசம் பூரா மணல் ஏத்துனவனுக்கு இந்த மணல் என்ன பண்ணும்?" என்றீர்கள். சக்கரம் புதையாமல் இருக்க, ஆற்றில் செய்கிற மாதிரியே டயர்க் காற்றைக் கொஞ்சம் இறக்கினீர்கள். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே காலை நீட்டினால் கடலில் படவேண்டும் என்பது உங்கள் ஆசை. லாரி தண்ணீர் ஓரம் வரைக்கும் போனது. ஓர் அலை வந்து திரும்பியது. வலப்பக்கச் சக்கரம் இரண்டும் அச்சு வரை உள்ளே போய்விட்டன.

"இன்னா பெரியவரே, ஆறுன்னு நெனச்சிட்டியா?" என்று ஒரு மீனவர் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? உங்கள் முகம் அப்படிக் கறுத்து நான் பார்த்ததில்லை. அவர்கள் நல்லவர்கள். வலை இழுக்கிற கயிற்றைக் கொண்டுவந்து கட்டினார்கள், சக்கரத்துக்கடியில் கட்டுமரக் கட்டைகளைத் திணித்தார்கள். நாங்கள் கையாலேயே மணலைத் தோண்டினோம். தோண்டத் தோண்டக் கடல் நிரப்பியது. மாமா எப்படியோ எங்களைத் தேடிக் கண்டுபிடித்து, கண் சிவக்க வந்து, கயிற்றைப் பிடித்து இழுக்கிறேன் என்று இரண்டு தடவை விழுந்தார்.

லாரி வலப்பக்கம் சாய்ந்து, அம்மாவின் கதவு ஆகாயத்தைப் பார்த்து நின்றது. தூக்கி இறக்க இரண்டு பேர் போனார்கள். "இத்தன ஆம்பளைங்க முன்னால என்னத் தூக்காதீங்க, நான் இப்படியே இருந்துக்கறேன்" என்றுவிட்டாள். மிச்சக் கட்டுச்சோற்றை மட்டும் ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினாள். "கை குடுத்தவங்களப் பசியோட உட்றக் கூடாது சாமி, எல்லாருக்கும் குடு." கொடுத்தேன். அம்மா மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் தம்பியும் இடுப்பளவு நனைந்தோம், நீங்கள் தலை வரை நனைந்தீர்கள். அவள் மட்டும் நனையவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் வண்டி வெளியே வந்தது. நின்றால் மறுபடியும் புதையும் என்று நீங்கள் நிற்காமல் ரோடு வரைக்கும் ஓட்டினீர்கள். நாங்கள் பின்னால் ஓடிவந்து ஏறினோம். உங்களுக்கு வெட்கம், அப்பா. அங்கிருந்து போனால் போதும் என்று இருந்தது. அம்மா இறங்கவேண்டும் என்று கேட்கவில்லை. எங்கள் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

விழுப்புரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் உங்களுக்கு உறைத்தது. டம்ளரை ஜன்னலில் கொடுக்கும்போது அவள் காலைப் பார்த்தீர்கள். காலையில் பூசிய மஞ்சள் அப்படியே இருந்தது.

"உன்னக் கால் நனைக்க வெக்காமக் கூட்டிட்டு வந்துட்டனே புள்ள" என்றீர்கள்.

"அக்கர இல்லாதது நெசந்தானுங்க. பாத்துட்டேன், போதும்."

"போதாது. அடுத்த வண்டி கட்டுனா மொத நட இங்கதான். இது சத்தியம்."

மாமா பின்னாலிருந்து, "நானும் சாட்சிங்க மச்சான்" என்று குழறினார். அம்மா சிரித்துவிட்டாள். "குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு. நீ சாட்சி சொல்லாத தம்பி, அவரு பேச்சு தன்னால நிக்கும்."

இதுவரை காலையில் எழுதினேன் அப்பா, மீதியை ராத்திரி எழுதுகிறேன். அந்தச் சத்தியத்துக்குப் பிறகு ஏழு வருஷம் ஓடிவிட்டது. இடையில் நீங்கள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. மறந்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளதைச் சொன்னால் உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

இன்று மத்தியானம் நானும் தம்பியும் வண்டியைப் பார்க்கப் பட்டறைக்குப் போனோம். மேஸ்திரி இடது கதவுக்குக் கீழே காட்டினார். எல்லா லாரிக்கும் ஏற ஒரு படி இருக்கும். இதில் அதற்குக் கீழே இன்னொரு படி, முழங்கால் உயரம்கூட இல்லை. மேலே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி.

"லாரிக்கு யாருங்க இப்படிப் படி வெப்பாங்க, கல்லு முட்டிக்கும்னு சொன்னனுங்க அம்மிணி" என்றார் மேஸ்திரி. "உங்கப்பா கேக்கல. அவரே கால மடக்காம ஏறிப் பாத்தாரு, எறங்கிப் பாத்தாரு. ரெண்டு விரக்கடை எறக்கி வைன்னாரு. அன்னிக்கு மத்தியானமும் அதப் பாக்கத்தானுங்க வந்தாரு."

நான் அந்தப் படியில் காலை வைத்துப் பார்த்தேன். அப்போதும் அழுகை வரவில்லை. எத்தனை போல்ட் என்று எண்ணினேன். நான்கு.

வீட்டுக்கு வந்தால், மாமா ஜவ்வரிசிக்காரருக்கு ஆள் அனுப்ப நின்றுகொண்டிருந்தார். நான் நேராக உள்ளறைக்குப் போய் அந்தச் சந்தில் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தேன். மேஸ்திரி சொன்னதை அப்படியே சொன்னேன். கதவுக்கு வெளியே மாமா நிற்பது தெரிந்தது. அம்மா தன் முழங்காலைத் தடவிப் பார்த்தாள்.

"எத்தன படி?" என்றாள். இருபத்தாறு நாளில் முதல் பேச்சு.

"ரெண்டுங்கம்மா. புடிச்சுக்கக் கம்பி இருக்குது."

"அப்ப நானே எறங்கிக்குவேன்" என்றாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "தம்பி, நீ சாட்சி சொன்னவன். நீயும் வா. ஆனா அங்க சாமான் எதும் வாங்கப் போகாத."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் அரிசி களையப் போனேன். தண்ணீருக்குள் கையை விட்டதும் அழுகை வந்தது, அப்பா. அரிசியைக் கீழே வைக்க முடியாத அளவுக்கு வந்தது. இருபத்தாறு நாளுக்கும் சேர்த்து அழுதேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை கிளம்புகிறோம். சுமை ஏதும் இல்லை. கட்டுச்சோறு மட்டும் இரண்டு மடங்கு கட்டச் சொல்லியிருக்கிறாள் அம்மா, அந்தக் குப்பத்து ஆட்களுக்கும் சேர்த்து. லாரியைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிடுகிறோம், பயப்படாதீர்கள். அங்கிருந்து தண்ணீர் வரைக்கும் அவள் எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்தாலும் சரி, பொழுதே சாய்ந்தாலும் சரி, அவள் கால் நனைந்த பிறகுதான் வண்டி திரும்பும். திரும்பி வந்து ஆறு டயரையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன்.

வெங்காயம் உரித்துவிட்டுத் தாமதமாக வந்த
உங்கள் மூத்த மகள்
சரசு