சோடா அண்ணையின் அறிவித்தல்

2014 நவம்பர் 12

எங்களோடு தங்கியிருந்த சோடா அண்ணையை இன்று எரித்தோம். எங்கள் வீட்டாரைத் தவிர யாரும் வரவில்லை. மரண அறிவித்தலில் பட்டப்பெயர் போட்டால் மரியாதையில்லை என்று, அடையாள அட்டையில் இருந்த பெயரை மட்டும் அச்சடித்து, இந்த நகரத்துத் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் கடைக் கண்ணாடிகளில் ஒட்டினேன். படமும் இளவயதில் எடுத்தது. அந்தப் பெயரில் அவரை இங்கே யாருக்கும் தெரியாது.

வீட்டில் மகள் பள்ளிக்கூடத்துக்காக அமெரிக்க மாநிலங்களின் பட்டப்பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள். புளோரிடாவுக்கு வெயிலால் வந்ததாம். இண்டியானாக்காரரை ஏன் ஹூசியர் என்கிறார்களென்று அவர்களுக்கே நிச்சயமில்லையாம்.

"சோடா மாமாவுக்கு ஏன் அந்தப் பேர், அப்பா?"

"தெரியேல்லை, பிள்ளை."

பிறகு புறநகரான ஸ்தேனிலிருந்து அவருடைய பழைய கூட்டாளி போன் எடுத்தார். "சோடாவைக் கனநாளாக் காணேல்லை. சுகமா இருக்கிறானோ?"

"ஓம் அண்ணை" என்று சொல்லி வைத்துவிட்டேன்.