அமாவாசையன்று பக்காலிக் கடற்கரைக்கு

பாலிகஞ்ச், கல்கத்தா
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கவிதாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற செல்லமும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் முருகனிடம் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து கத்துவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

பிரசவத்துக்கு வான்கூவர் வருவாயா அம்மா என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். விசா என்றேன், அப்பா சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்றேன், அத்தனையும் பொய். துர்கா பூஜைக்கு முன்னால் முழங்கால் மூட்டு மாற்றியதிலிருந்து எனக்கு என் காலையே நம்ப முடியவில்லை. லிஃப்டைத் தாண்டிப் போனதே கம்மி. பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் உனக்கு நானும் இன்னொரு பிள்ளையாக வந்து உட்கார்ந்துவிடுவேனோ என்ற பயம்தான்.

இதை மோப்பம் பிடித்தவள் மேல்வீட்டு பூர்ணிமா தீதி. தன் வாக்கிங் கூட்டாளிகளோடு பக்காலிக்குப் போகிறேன், நீயும் வந்தே தீர வேண்டும் என்று நின்றாள். சவுக்குக் காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்தால் கடல், பிறகு மணலோரமாகப் பத்து நிமிஷம் போனால் வண்டி நிற்கும், அவ்வளவுதான் என்றாள். எந்த நாள் என்று நீயே சொல் என்றதும் நான் காலண்டரைப் பார்த்து, சிவராத்திரி கழிந்த அமாவாசை என்றேன். எதையும் தொடங்க நமக்கு நிறைந்த நாள் அல்லவா! அவள் அமாவாசை வேண்டாமே சுலோசனா தீதி என்றாள். இந்த வங்காளிகளுக்கு அமாவாசை ஆகாது போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு, காரணம்கூடக் கேட்காமல் முறுக்கிக்கொண்டேன். நீ வந்தால் போதும், சீக்கிரம் நடந்துவிடலாம் என்று விட்டுக்கொடுத்தாள்.

விடியுமுன் நாம்கானா லோக்கல் ரயிலில் ஏறினோம், அங்கிருந்து ஒரு வண்டி பிடித்துக் காட்டு வாசலில் இறங்கினோம். காட்டுக்குள் நான் எங்கே சீக்கிரம் நடந்தேன், பத்தடிக்கு ஒரு தடவை நின்றேன், அப்பா மடக்கு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். மரங்கள் விலகிக் கடல் தெரிந்தபோது அழுகையே வந்துவிட்டதடி. மணல் முழுக்கச் சிவப்பு நண்டு, காலடி கேட்டதும் அத்தனையும் பொந்துக்குள் மறைந்தன. எலுமிச்சை சாதத்தைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்து முடிப்பதற்குள் தண்ணீர் ஏறி மரத்தடிக்கே வந்துவிட்டது. நாங்கள் நடக்க வேண்டிய மணலைக் காணோம். அப்போதுதான் பூர்ணிமா மெதுவாகச் சொன்னாள், அமாவாசைக்குக் கடல் இப்படித்தான் பொங்கும், அதனால்தான் வேண்டாம் என்றேன் என்று. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. வடிய மத்தியானம் ஆகும், காத்திருந்தால் ரயில் போய்விடும், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான் என்றார்கள். ஆறு பேர் என் பிடிவாதத்தால் மாட்டிக்கொண்டார்கள், ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. பூர்ணிமா வண்டிக்காரனுக்குப் போன் போட்டுக் காட்டு வாசலுக்கு வரச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாதி தூரத்தில் கையை நானே விட்டுவிட்டேன். வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் கால் மடங்கியது, நிமிர்ந்தது, என்னைத் தாங்கியது. தினமும் வீடியோவில் வந்து நீட்டு, மடக்கு என்று நீ உயிரை எடுத்தாயே, எத்தனை திட்டினேன் உன்னை! அதெல்லாம் நினைவுக்கு வந்தது. நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் நன்றாக இருக்க வேண்டும், திரும்பும் வழி முழுக்க அந்த ஸ்டூலை விரிக்காமலே சுமந்தார், ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. பூர்ணிமாவுக்கு முறுக்கு சுற்றிக் கொண்டுபோய் மன்னிப்புக் கேட்டேன், போடி என்று தலையில் தட்டினாள்.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, குனிந்து பாரம் தூக்காதே. தாயும் பிள்ளையுமாக நல்லபடியாகப் பிழைத்து எழ என் ஆசீர்வாதம். சித்திரை முடியுமுன் எனக்கு டிக்கெட் எடு. அதில் சக்கர நாற்காலி வேண்டும் என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் வாசல்வரை நடந்தே வரப்போகும் அம்மா,
சுலோசனா பரமசிவம்